கதவில்லாத பொந்துக்கு ஒரு பார்சல்

குளத்துக்குக் கிழக்கே ஒரு முயல் இருந்தது. மேற்கே ஒரு முள்ளம்பன்றி இருந்தது. நடுவில் முப்பது தாவல் தூரம்தான். முயலின் தாவலைச் சொல்கிறேன்.

முள்ளம்பன்றியின் குட்டிக்கு இருமல். ஒரு வாரமாக நிற்கவில்லை. பால்கூட இறங்கவில்லை.

"தூதுவளை கொடுத்தா சரியாப் போகும்க்கா! என் வளை வாசல்லயே மண்டிக் கிடக்கு. அனுப்பி வைக்கிறேன்!" என்றது முயல்.

கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காட்டில் அப்போதுதான் தபால் ஆபீஸ் திறந்திருந்தார்கள். பார்சல் அனுப்பினால் அரசிலையில் ரசீது தருவார்கள். நரிகூட ஒன்று வாங்கி வாசலில் குத்தி வைத்திருந்தது. முயலுக்கும் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

தபால் ஆபீஸ் அரை நாள் நடை. முயல் தூதுவளையைத் தேக்கிலையில் கட்டிக்கொண்டு போனது.

அங்கே அதிகாரி உடும்பு. உடும்பு பிடித்தால் விடாது. இது எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் பார்சல் கொடுக்கும் வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

"நாளைக்குப் போயிடும்!" என்றது உடும்பு. ரசீது கொடுத்தது.

மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் விசாரிக்கலாம் என்று முயல் கிளம்பியது. வரிசையில் முன்னால் முள்ளம்பன்றி நின்றது. குட்டியைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தது.

"வந்துச்சாக்கா?"

"வரலை. அனுப்பினியா?"

"ரசீதே இருக்கு, பாருங்க!"

முள்ளம்பன்றியின் முறை வந்தது. உடும்பு ஓர் இலையைப் புரட்டியது.

"நேத்து உங்க வீட்டுக்கு வந்தோம். கதவு பூட்டியிருந்தது."

"சார், என் பொந்துக்குக் கதவே கிடையாது!"

உடும்பு கொஞ்சம் யோசித்தது. "கதவு இல்லாததால் திரும்பினோம்" என்று திருத்தி எழுதியது. "அடுத்தது!"

நாலாம் நாளும் இரண்டும் அதே வரிசையில் நின்றன. அன்றுதான் முயல் எட்டிப் பார்த்தது. உடும்பின் வயிற்றுக்கடியில் தேக்கிலைப் பொட்டலம் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

"சார்! அது என் பார்சல்!"

"அது இன்னும் வரலை."

"உங்க வயித்துக்குக் கீழ இருக்கு!"

"எல்லாப் பார்சலும் மொட்டைப்பாறைக்குப் போய், அங்கேயிருந்து திரும்பி வரணும். அப்பதான் வந்ததா அர்த்தம். கொண்டு போற கொக்கு லீவு."

"அப்ப கதவு பூட்டியிருந்ததுன்னீங்களே?"

"அது நேத்து."

முள்ளம்பன்றி பொட்டலத்தைப் பிடித்து இழுத்தது. உடும்பு நாலு காலாலும் இறுகப் பிடித்துக்கொண்டது. தேக்கிலை ஓரத்தில் கிழிந்ததுதான் மிச்சம்.

"என் பிள்ளை நேத்துலேர்ந்து கண்ணே திறக்கலை, சார்!" என்றது முள்ளம்பன்றி.

"புகார் எழுதுங்க. பார்சல்ல அனுப்புங்க."

முள்ளம்பன்றி முயலைத் திரும்பிப் பார்த்தது.

"அந்தத் தூதுவளையை எங்க பறிச்சே?"

"என் வாசல்லதான்க்கா."

"இன்னும் இருக்கா?"

"புதராக் கிடக்கு."



"ஏண்டா, நாலு நாளா இதை நீ யோசிக்கவே இல்லையா?"

"நீங்களும் யோசிக்கலையேக்கா!"

"அடுத்தது!" என்றது உடும்பு.

இரண்டும் ஓடின. பொழுது சாய்வதற்குள் முயல் புதரில் பாதியைப் பறித்தது. முப்பது தாவல். முள்ளம்பன்றி இலையை மென்று சாற்றைக் குட்டியின் வாயில் விட்டது. விடிந்ததும் குட்டி கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றது. முயல் அந்த ரசீதைத் தின்றுவிட்டது. ருசியாக இல்லை.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒரு காலையில் கொக்கு வந்து பொந்துக்கு முன்னால் நின்றது. தேக்கிலைக்குள் தூதுவளை தூளாகியிருந்தது. அன்றைக்கு இருமிய குட்டி இப்போது அம்மா அளவு வளர்ந்திருந்தது. அதுவே வெளியே வந்து பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது.

"கதவு எங்கே?" என்று கேட்டது கொக்கு.

நடந்து போய்க் கொடுக்கக் கூடியதை அனுப்பிவிட்டு, ரசீதைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்காதே.