வெள்ளத்தில் ஆடு சுமந்தவள்

தூத்துக்குடி நாளிதழ் ஒன்றில் தலைமைப் புகைப்படக்காரர் ஞானதுரை. "எந்தப் படம் எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று மார்தட்டுவார். உதவியாளர் ஜெபக்கனியோ ஒவ்வொரு படத்துக்கும் குறிச்சொல் எழுதி, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி அலுவலகப் பொது சர்வரில் ஏற்றிவிட்டாள்.

"எனக்கு விருது வாங்கித் தந்த படத்தை இதுல எவராவது எடுத்துக் காட்டட்டும்!" என்று ஆசிரியர் முன்னால் சவால் விட்டார் ஞானதுரை.

"கேன்டீன் மாரியக்காவே எடுப்பாங்க சார்" என்றாள் ஜெபக்கனி.

மாரியக்கா 'வெள்ளம், ஆடு' என்று தட்டினாள். ஆட்டைத் தோளில் சுமந்து வெள்ளத்தில் நடக்கும் பெண்ணின் படம், விருது வாங்கிய அதே படம், திரையில் வந்தது. கூடவே, அடுத்த நொடியில் எடுத்த படமும் வந்தது. அதில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் குடை பிடித்து நின்றவர் ஞானதுரை!

"அப்போ படம் எடுத்தது யாரு?" என்றார் ஆசிரியர்.

"நான்தான் சார்" என்று நிமிர்ந்து சொன்னாள் ஜெபக்கனி.

மறுநாள் முதல் பக்கத்தில் அந்தப் படம் அவள் பெயரோடு வந்தது.