கோகோ மரத்துச் சருகு

தணிகாசலம் சென்னையில் ஒரு பெரிய சாக்லேட் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் விற்ற சாக்லேட்டுக்கான கோகோக் காய்களைக் கடல்தாண்டிய தோப்புகளில் சிறுபிள்ளைகள் கத்தி பிடித்து உடைத்தார்கள் என்பது வேலையில் இருந்த கடைசிக் காலத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. அதன் பிறகு அவரால் இனிப்பு எதையும் வாயில் வைக்க முடியவில்லை.

யாரையும் வதைக்காமல் சாக்லேட் செய்கிற இடத்தைத் தேடி அலைந்தார். ஆனைமலை அடிவாரத்தில் வேலாத்தாளைக் கண்டுபிடித்தார். தென்னைக்கு நடுவே கோகோ வளர்த்து, கொட்டையை அங்கேயே காயவைத்து, வறுத்து, அரைத்து, சாக்லேட்டாக்கி விற்கிறவள். அவருக்கு மகள் வயது.

"உங்ககிட்ட சீடனா இருக்க வந்திருக்கேம்மா."

"சீடனெல்லாம் எதுக்குங்க? அடுப்பைப் பார்த்துக்குங்க."

ஆனாலும் அவர் அவளைக் குருவாகத்தான் நினைத்தார்.

எல்லாம் அவர் ஆசைப்பட்டபடியே இருந்தது. வேலையாட்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். கூலியில் குறை இல்லை. மரத்துக்கு மருந்து அடிப்பதில்லை. மரத்தடிச் சருகைக்கூடக் கூட்டுவதில்லை. கோகோப் பூவைக் காயாக்குகிற பூச்சி கொசுவைவிடச் சிறியது. அந்தச் சருகில்தான் அது பெருகும்.

காய் பறிக்கிற சரசாள் ஒருநாள் வேலாத்தாளிடம் வந்து நின்றாள்.

"அக்கா, சருகுல கணுக்கால் முங்குது. கால் வெக்கற எடம் தெரியலீங்க. நடக்கற தடத்தையாவது கூட்டிறலாங்களா?"

"இப்பத்தான் பூ வுட்டிருக்குது சரசா. பூச்சி போயிரும். கொஞ்சம் பொறுத்துக்க."

பக்கத்தில் நின்ற தணிகாசலத்துக்கு மெய்சிலிர்த்தது. இங்கே ஒரு பூச்சிக்கும் இடம் உண்டு என்று சென்னை நண்பருக்குப் போன் போட்டுச் சொன்னார். சாக்லேட் உறைக்கு வாசகம் எழுதும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ‘எவருக்கும் துன்பமில்லாமல் விளைந்தது’ என்று எழுதினார். வேலாத்தாள் படித்துப் பார்த்தாள். அச்சுக்குக் கொடுத்தாள்.

உறைகள் அச்சாகி வந்த வாரத்தில் சரசாளைக் கண்ணாடி விரியன் கடித்தது. சருகுக்குள் கிடந்திருக்கிறது. மிதித்த பிறகுதான் தெரிந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிற வழியில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்து திரும்பியதும் தணிகாசலம் கேட்டார்.

"நாம நல்லதுக்குத்தானேம்மா சருகை விட்டோம்?"

"ஆமாங்க."

"அப்ப நம்ம மேல தப்பு இல்லைதானே?"

வேலாத்தாள் அச்சாகி வந்த உறைக் கட்டைப் பிரித்தாள். அதிலிருந்து ஒரு உறையை உருவி எடுத்தாள்.

"வாங்க" என்று நடந்தாள்.

சரசாளின் புருஷன் மாகாளி வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். வேலாத்தாள் உறையை நீட்டினாள்.

"மாகாளி, இதைப் படிச்சு, சரியாச் சொல்லியிருக்குதான்னு பாரு."

அவன் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். எழுத்துக் கூட்டினான்.

"எவருக்கும்... துன்பமில்லாமல்... விளைந்தது."

இன்னொரு தடவை வாய்க்குள்ளேயே படித்தான். பிறகு நிமிர்ந்தான்.

"ஏனுங்க, இந்த எவருக்கும்கறதுல எம்பட சரசா வரமாட்டாளுங்களா?"

குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் போலத்தான் கேட்டான். தணிகாசலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேலாத்தாள் திரும்பவில்லை.

"வருவா" என்றாள். "தடத்தைக் கூட்டலாமான்னு அவ எங்கிட்டக் கேட்டா. நாந்தான் வேண்டாம்னேன்."

மாகாளிக்கு அது அதுவரை தெரியாது. உறையைத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கட்டாமல் விட்ட தழைக்காக ஆடு கத்திக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் வேலாத்தாள் தடத்தைத் தனியாகக் கூட்டி முடித்துவிட்டு வந்தாள். தணிகாசலம் உறைக் கட்டுகளைப் பிரித்து வறுக்கிற அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் தடுக்கவில்லை. கடைசிக் கட்டும் எரிந்து முடியும்வரை நின்றாள்.

"நான் கெளம்பறேம்மா" என்றார் தணிகாசலம். "அங்கதான் அப்படின்னு இங்க வந்தேன். இங்கயும் ஒரு உசுரு போச்சு. துன்பமே இல்லாத தொழில்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க. மிச்ச நாளை அங்க போய்க் கழிக்கிறேன்."

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றாள் வேலாத்தாள். "தடத்தைக் கூட்டியாச்சு. மரத்தடிச் சருகு அப்படியேதான் கெடக்குது. காலையில காய் பறிக்கிறவங்களுக்கு முன்னால, கோலால அதைத் தட்டிக்கிட்டே ஒருத்தர் போகோணும். நீங்க போறீங்களா, நான் போகட்டுங்களா?"