சொட்டுக் கணக்கு

துறையூரில் ஒரு பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் டுடோரியல் நடக்கிறது. அங்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நிஜாமுதீனுக்கு வயது இருபத்தேழு. அவரிடம் பிளஸ் டூ கணக்குப் படித்த செண்பகவல்லிக்கு முப்பத்தொன்பது. அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை சார் என்பாள். குருவுக்குத் தாடி நரைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

செண்பகவல்லி ஒரு பள்ளிக்கூடத்து லேபில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள். "பிளஸ் டூ தேறிட்டு வாம்மா, லேப் அசிஸ்டென்ட் வேலை உனக்குத்தான்" என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போன படிப்பை மறுபடி எடுத்தாள். ஐந்து பரீட்சை நன்றாகவே எழுதினாள். கணக்குப் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, கொத்து வேலைக்குப் போன கணவர் பெரியண்ணன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இவள் ஆஸ்பத்திரியிலிருந்தே பரீட்சைக்குப் போனாள். கணக்கில் இருபத்தெட்டு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்றைக்கு. ஐந்து மணிக்கு இ-சேவை மையத்தில் சாத்திவிடுவார்கள். மூன்று மணிக்கு அவள் மாடியேறி வந்தாள். கையில் விடைத்தாள் நகல் இருந்தது.

"என்னக்கா, விண்ணப்பம் போட்டாச்சா?"

"இல்லீங்க சார். ஒண்ணு கேக்கணும். என் மண்டைக்குக் கணக்கு ஏறுமா, ஏறாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஏறும்னா போடறேன். ஏறாதுன்னா இதோட விட்டுடறேன்."

"ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க."

"சறுக்கறதுக்கு நான் ஆனை இல்லீங்க. ஆட்டுக்குட்டி."

நிஜாமுதீன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "ஒண்ணும் தெரியாமத்தான் பரீட்சையில பாதியில எழுந்து ஓடிட்டா" என்று ஓரகத்தி தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு, அது உண்மைதானோ என்று இவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. பிறத்தியார் சொல்லை நாமே நம்பத் தொடங்கினால் அப்புறம் விரோதி எதற்கு?

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"திருத்துங்க."

"எதை?"

"உங்க பேப்பரைத்தான்."

"நானா? ஃபெயிலானவளே திருத்தறதா? நல்லா இருக்கே நியாயம்."

"உக்காருங்கக்கா."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் பேனா தயங்கியது. இரண்டாம் பக்கத்தில் வேகம் வந்துவிட்டது. லேபில் அழுக்குக் குழாயைக் கண்டால் எப்படி முகம் சுளிப்பாளோ அப்படிச் சுளித்தாள்.

"இருபத்தாறுதான் சார் வருது."

"இருபத்தெட்டு போட்டிருக்காங்களே."

"தாராள மனசு. இங்க பாருங்க, மைனஸ விட்டிருக்கேன். அதனால அடுத்த வரி பூரா தப்பு. இதுக்குப் போய் ரெண்டு மார்க்கு கொடுத்திருக்காங்க. நான் கொடுக்க மாட்டேன்."

"மைனஸ் விட்டுப்போச்சுன்னு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கண்ணுக்குத்தான் தெரியுதே."

சொன்ன பிறகு அவள் அந்த வரியை இன்னொரு தரம் பார்த்தாள். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எல்லாத்தையும் திருத்துனீங்க. மூணாம் பக்கத்துல அடியில ஒரு கணக்கு இருக்கு. அதை விட்டுட்டீங்களே?"

"அது ரஃப் சார். அடிச்சுட்டேன்."

"அடிச்சாலும் தெரியுது. ஐந்நூறு. இருபதால பெருக்கியிருக்கீங்க. அறுபதால வகுத்திருக்கீங்க. இப்படி ஒரு கேள்வி வினாத்தாள்லயே இல்லை. என்ன கணக்கு இது?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பேனாவை மூடினாள், திறந்தாள்.

"டிரிப்ஸ் சார்."

"சொல்லுங்க."

"வார்டுல நாப்பது கட்டில், ஒரே ஒரு சிஸ்டர். பாட்டில் தீரப்போகுதுன்னா நாமதான் ஓடிப்போய்ச் சொல்லணும். விட்டுட்டா ரத்தம் டியூப்ல மேல ஏறிடும்னு பக்கத்துக் கட்டில்காரம்மா சொல்லி வச்சிருந்தாங்க. எனக்கு மாத்து ஆள் யாரும் இல்லை. எட்டே முக்காலுக்கு ஐந்நூறு மில்லி பாட்டில் மாட்டுனாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி சொட்டை எண்ணுனேன். நிமிஷத்துக்கு அறுபது. ஒரு மில்லிக்கு இருபது சொட்டுன்னு சிஸ்டர் சொன்னாங்க."

"அப்புறம்?"

"ஹால்ல பத்தே காலுக்கு எழுத விட்டாங்க, ஆனா மனசு நிக்கலை. எப்ப தீரும், எப்ப தீரும்னே இருந்துச்சு. சரின்னு ஓரத்துல போட்டுப் பாத்தேன். நூத்தி அறுபத்தேழு நிமிஷம் வந்துச்சு. பதினொண்ணு முப்பத்திரண்டுக்குத் தீரும்."

"அது தெரிஞ்சதும்?"

"மனசு நின்னுச்சு. பதினொண்ணே கால் வரைக்கும் எழுதலாம்னு எழுதினேன். அப்புறம் பேப்பரைக் கொடுத்துட்டு, ஷேர் ஆட்டோ பிடிச்சு ஓடினேன்."

"போனப்ப பாட்டில்ல எவ்வளவு இருந்துச்சு?"

அவள் ஒரு விரலைக் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

நிஜாமுதீன் அடித்துக் கிடந்த அந்தக் கணக்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பஞ்சர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி, அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார்.

"அதுக்கு மார்க்கு கிடையாது சார்."

"தெரியும்."

"அப்ப என்னத்துக்குப் போடறீங்க?"

"சரியா இருக்கு, போடறேன்."

அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது, அதை அவள் துடைக்கவில்லை. மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது.

"மண்டைக்கு ஏறுமான்னு இனிமே கேக்க மாட்டேன் சார்" என்றாள். "ஆனா வேற ஒண்ணு இருக்கு. அதுதான் உள்ளுக்குள்ள அரிக்குது."

"என்ன?"

"அவருக்கு இன்னும் முழுசா சரியாகலை. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறார். ஜூலையில பரீட்சை அன்னிக்கும் ஏதாவது ஆச்சுன்னா? மறுபடியும் நான் எழுந்துதான் போவேன் சார். பொய் சொல்ல மாட்டேன். பரீட்சையாவது மண்ணாவதுன்னு போயிடுவேன்."

எல்லோரும் சொல்வதைப் போல, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. விடைத்தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"போங்கக்கா, தாராளமா எழுந்து போங்க. போன தடவை ஒரு மணி நேரத்துல இருபத்தெட்டு எடுத்தீங்க. அதே ஒரு மணி நேரத்துல முப்பத்தஞ்சு எடுக்கறதுக்கு நாளையிலேருந்து பழக்கி விடறேன். மிச்ச ரெண்டு மணி நேரம் அவருக்கு."