ஏழு தாளில் ஒரு செடி

கும்பினியார் காலத்தில், பொதிகை மலையின் செடிகொடிகளை எல்லாம் எழுதிவைக்க ஒரு துரை கூடாரமும் ஆட்களுமாக வந்து இறங்கினார். செடிகளை இனம் காட்ட அடிவாரத்து வைத்தியர் சிவனணைந்தபெருமாளை அமர்த்தினார். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வந்த குமாஸ்தா பிச்சையா, நாற்பதைத் தொட்டவன், மூன்றே மாதத்தில் அவருக்குச் சீடனாகிப்போனான்.

சாப்பாடும் வைத்தியர் வீட்டில்தான். அவர் மனைவி உலகம்மாளுக்கு இளைப்பு நோய். மூச்சு வாங்க வாங்கப் பரிமாறுவாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்பாள். தாயில்லாத பிச்சையாவுக்கு அதிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும்.

துரைக்கு எந்தச் செடியும் ஏழு வேண்டும். வேரோடு பிடுங்கி, தாளில் அழுத்தி, பூச்சி அரிக்காமலிருக்க வீரம் என்ற நஞ்சைத் தடவி, ஏழு ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை வைத்து என்ன செய்வார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

அருவிக்கு மேலே ஒரு பாறை இடுக்கு. அந்த வழியாகப் போகும்போது மட்டும் வைத்தியர் நடையை எட்டிப் போடுவார். ஒருநாள் பிச்சையா தனியே ஏறிப் பார்த்தான். பட்டியலில் இல்லாத ஒரு செடி, வெள்ளைப் பூவோடு நின்றது. எண்ணி ஏழே ஏழு. குருவின் கண்ணுக்கே தப்பியதைக் கண்டுவிட்டோம் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழையும் பிடுங்கினான். துரை தோளில் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை வைத்தியரிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவர் அரைத்துக்கொண்டிருந்த மருந்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே எழுந்துபோனார். மழைக்காலந்தோறும் அந்தச் செடிகளில் செடிக்கு ஓர் இலையாகக் கிள்ளி வந்துதான் அவர் உலகம்மாளின் இளைப்பை அடக்கிவந்தார். இது பிச்சையாவுக்குத் தெரியவந்தது, மழை பிடித்து அவள் படுத்த படுக்கையான பிறகு.

மலை முழுக்கத் தேடினான். வேறெங்கும் இல்லை. ஆறு தாள்கள் கப்பலேறிவிட்டன. படம் எழுதி முடியாததால் ஒன்று மட்டும் கூடாரத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“ஐயா, இதை ஊற வச்சு அரைச்சுக் குடுத்தா?”

வைத்தியர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இலைமேல் வெள்ளை பூத்திருந்தது.

“வீரம் தடவினது யாரு?”

“நான்தான் ஐயா.”

அவர் தாளைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் உலகம்மாள் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைக்கும்போதும் பிச்சையா கிட்டே போகவில்லை. பதினாறு கழிந்துதான் வீட்டு வாசலுக்கு வந்தான். வைத்தியர் மருந்துக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்தக் கையை வெட்டிப் போட்டாலும் என் பாவம் தீராது என்று அழுதான். அழுது ஓய்ந்தபின் கேட்டான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனே. ஏன் ஐயா எங்கிட்ட மறைச்சீங்க?”

வைத்தியர் கழுவிய கல்லைச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தார்.

“அவ சொன்னா, ‘பிச்சையாகிட்ட சொல்லி வச்சிருங்க’ன்னு. ரெண்டு தடவை சொன்னா. ‘அவன் தொரை சம்பளம் வாங்குத ஆளு, உனக்கென்ன தெரியும்’னு அவ வாயை அடைச்சவன் நான்தான்.”