திங்கட்கிழமை உட்காரப்போகும் வீடு

டில்லியில் லோயர் ஹவுஸ் என்கிற மக்கள் சபை கூடினால், அந்தக் காலத்து இங்கிலீஷ் பத்திரிகைக்காரர்கள் "ஹவுஸ் உட்கார்ந்தது" என்று எழுதுவார்கள். கலைந்தால் "ஹவுஸ் எழுந்தது" என்பார்கள். இது ஊருலகத்துக்கெல்லாம் தெரிந்த சங்கதி. கோணப்பட்டிக்கு மட்டும் தெரியாது.

கோணப்பட்டியிலும் ஒரு பத்திரிகை நடந்தது. தெய்வானை வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஆவுடையப்பன் ஆசிரியர், மாசானம் அச்சுக்கோர்ப்பவர். மூன்றாவது ஆள் கிடையாது.

தெய்வானைக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மகள் வடிவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்லபெருமாள் மாடி வீட்டில்தான் சம்பந்தம் செய்வாராம். தெய்வானை வீட்டில் மாடி இல்லை. தரகர் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை டில்லித் தந்தி வந்தது. "லோயர் ஹவுஸ் சிட்ஸ் மண்டே." ஆவுடையப்பன் அகராதியைப் புரட்டித் தமிழில் எழுதினார்: "கீழ் வீடு திங்கட்கிழமை உட்காரும்."

"எந்த வீடு அண்ணாச்சி?" என்றார் மாசானம்.

"கீழ் வீடுன்னா மாடி இல்லாத வீடு. எதிர்வீட்டுக்கு மாடி இருக்கு. அது மேல் வீடு."

"அப்போ?"

இருவரும் மெதுவாகத் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார்கள்.

மோர் கொடுக்க வந்த தெய்வானையும் பார்த்தாள். "வீடு உட்காருமா? எப்படி?"

"போன மழையில உங்க தொழுவம் உட்காரலையாக்கா, அப்படித்தான்" என்றார் மாசானம்.

"பெண் பார்க்க வர்ற அன்னைக்கா? டில்லிக்காரனுக்கு என் வீட்டு மேல என்ன கோவம்?"

"கோவம் இருந்தா தந்தி அடிப்பானா? முன்கூட்டியே சொல்லியிருக்கான். மரியாதை தெரிஞ்சவன்" என்றார் ஆவுடையப்பன்.

தெய்வானை தூணைப் பிடித்துக்கொண்டாள். தூணும் உட்காரும் என்று நினைவு வந்து விட்டுவிட்டாள்.

மாசானம் வெகுநேரம் யோசித்தார். "விழும்னு போடலையே அண்ணாச்சி, உட்காரும்னுதானே போட்டிருக்கு. உட்கார ஏதாவது போட்டா அலுங்காம உட்காரும்."

பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை இரவல் வாங்கி, நாலு சுவரோரமும் போட்டார்கள். பெஞ்சுகள் வெயிலில் காய்ந்திருந்ததால், உட்காரும் வீட்டுக்குச் சுடாமலிருக்கத் தண்ணீரும் தெளித்தார்கள்.

திங்கட்கிழமை பாய், பலகாரம், வடிவு எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. நல்லபெருமாள் தெருவில் சம்மணம் போட்டு, கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாடி எங்கம்மா?"

தெய்வானை அவர் கையில் இன்னும் கொஞ்சம் கேசரி வைத்தாள். "கொஞ்சம் பொறுங்கண்ணே. வீடு இன்னும் உட்காரலை."

"வந்தவங்களை உட்கார வச்சுட்டு அது ஏன் நிக்குது?"

"எங்க வழக்கம் அப்படி. விருந்தாளி முன்னால உட்காராது."

நல்லபெருமாளுக்கு அந்த அடக்கம் பிடித்துப்போயிற்று. ஆனாலும் மாடியை அவர் மறக்கவில்லை. "மாடி இல்லேன்னா நாங்க கிளம்புறோம்" என்று கேசரியைக் கீழே வைத்தார். வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது இரண்டாவது தந்தி வந்தது. "லோயர் ஹவுஸ் ரோஸ்."

"கீழ் வீடு ரோஜா" என்று வாசித்தார் ஆவுடையப்பன்.

"பெண்ணுக்குப் பூ வைக்கச் சொல்றான்" என்றார் மாசானம்.

"இரும், அகராதியில இன்னொரு அர்த்தமும் இருக்கு. எழுந்தது. கீழ் வீடு எழுந்துவிட்டது."

எல்லாரும் வீட்டைப் பார்த்தார்கள். கொஞ்சம் உயர்ந்த மாதிரித்தான் இருந்தது.

நல்லபெருமாள் மீசையைத் தடவினார். "எழுந்த பிறகும் அது கீழ் வீடா?"

"அதெப்படி? மேல் வீடுதான்" என்றார் ஆவுடையப்பன். "டில்லியே சொல்லியாச்சு."

கேசரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு நல்லபெருமாள் உள்ளே போனார். ஜன்னலோரம் நின்று மூச்சை இழுத்தார். "மாடிக் காத்து மாடிக் காத்துதான்." அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். தெய்வானைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விடைபெற்று வாசலுக்கு வந்த நல்லபெருமாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஏறுறப்போ பேச்சுல கவனிக்கலை. இவ்வளவு உசரத்துல இருந்து எப்படி இறங்குறது?"

மாசானம் எதிர்வீட்டு ஏணியை வாங்கிவந்து வாசலிலிருந்து தெருவரை தரையில் படுக்கப் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராகத் திரும்பி, மண்டிபோட்டு, கட்டைகளைப் பிடித்துப் பின்னாலேயே தவழ்ந்து இறங்கினார்கள்.

தெய்வானை வாசலில் நின்று கைகளைப் பிசைந்தாள்.

"மெதுவா, சம்பந்தி. கீழே மட்டும் பார்த்துடாதீங்க, தலை சுத்தும்."