ஏழாயிரம் அடி

மார்கழிக் காலையில் அந்தச் சிறிய விமான நிலையம் காணாமல் போய்விடும். ஓடுபாதை, வேலி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பனிக்குள் இறங்கிவிட, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடி அறை மட்டும் மேலே மிதக்கும்.

அங்கே ரேடார் கிடையாது. விமானத்துக்கு ஒரு காகிதப் பட்டை. விமானி சொல்லும் உயரத்தை அதில் எழுதி, மேலும் கீழுமாக அடுக்கி, வானத்தை மனசுக்குள்தான் பார்க்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பவர் ஜெபக்கனி. கற்றுக்கொள்ள வந்த வரதன், விமானப்படையில் ஓய்வு பெற்றவர். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர்.

போன மாதம் வரதன் தவறிவிட்டார். ஏழாயிரம் அடியில் இருந்த விமானத்தை ஆறாயிரத்துக்கு இறங்கச் சொன்னார். விமானி சரி என்றார். உடனே வரதன், எட்டாயிரத்தில் இருந்த இன்னொன்றுக்கு ஏழாயிரத்தைக் கொடுத்துவிட்டார். கீழே இருந்ததோ இன்னும் இறங்கவே தொடங்கவில்லை. ஜெபக்கனி மைக்கைப் பிடுங்கி மேல் விமானத்தின் இறக்கத்தை நிறுத்தினார். இரண்டும் ஒரே மேகத்துக்குள், ஒன்றையொன்று பார்க்காமலே கடந்து போயின.

அன்றிலிருந்து வரதனுக்கு ஒரே கனவு. வெள்ளை மேகம். சத்தமே இல்லை. ஓர் இறக்கையின் மேல் இன்னோர் இறக்கை மெல்ல நகர்கிறது. உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். ஒரு குழந்தை மட்டும் ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது.

இன்று கடைசி வாய்ப்பு. ஜெபக்கனி கையெழுத்துப் போட்டால் கட்டுப்பாட்டாளர் நாற்காலி வரதனுக்கு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"இறங்குன்னு சொன்னேன். அவரும் சரின்னார். தப்பு எங்கன்னு புத்தகத்துல படிச்சுட்டேன். மனசுக்குத்தான் இன்னும் பிடிபடலை."

ஜெபக்கனி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"நான் எந்திரிக்கிறேன். நீங்க உக்காருங்க."

வரதன் நாற்காலி அருகே வந்து நின்றார். ஜெபக்கனி அசையவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து நிதானமாக டீ ஊற்றினார். ஆவி கண்ணாடியில் படிந்தது.

"என்ன சார், உக்காரலையா?"

"நீங்க இன்னும் எந்திரிக்கலையே மேடம்."

"எந்திரிக்கிறேன்னு சொன்னேனே."

வரதனின் காது மடல் சிவந்தது.

ஜெபக்கனி டீயைக் குடித்து முடித்து எழுந்து, தள்ளி நின்றார். "எந்திரிச்சுட்டேன்," என்று விமானி மாதிரியே அறிவித்தார்.

வரதன் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் இரண்டு விமானங்கள் வந்தன. ஏழாயிரத்தில் ஒன்று, எட்டாயிரத்தில் ஒன்று. கீழ் விமானத்தை ஆறாயிரத்துக்கு இறங்கச் சொன்னார். சரி என்று பதில் வந்தது.

"ஏழாயிரம் கிடைக்குமா?" என்றது மேல் விமானம்.

"பொறுங்க."

"கோபுரத்துல யாராவது முழிச்சிருக்கீங்களா?"

"முழிச்சிருக்கோம். பொறுங்க."

பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. பனி நகரவில்லை. எங்கோ ஒரு குழந்தை கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"ஏழாயிரத்தை விட்டுட்டேன்," என்றது கீழே இருந்த குரல்.

அப்புறம்தான் பேனா எழுதியது. மேல் விமானத்துக்கு ஏழாயிரம் கிடைத்தது.

பனி விலகியதும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிறங்கின. பிறகு ஜெபக்கனி, "நல்லது சார். கையெழுத்துப் போடறேன்," என்றார்.

வரதனுக்குக் கண் கலங்கியது. கைகூப்பியபடி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

ஜெபக்கனியின் பேனா இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது.

"போடறேன்னுதானே சார் சொன்னேன்?"