ஒளித்து வைத்த சுவிட்ச்

“சார், சுவிட்சை எங்க ஒளிச்சு வைக்கலாம்?” என்று கேட்டாள் ஜெபராணி.

பள்ளித் தொழில்நுட்பக் கண்காட்சிகளில் இது ஒன்றும் புதிய கேள்வி இல்லை. மேஜை விரிப்புக்குக் கீழே நடக்கும் தில்லுமுல்லு நடுவர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி டீயைக் குடித்துவிட்டு மார்க் போடுவார்கள்.

இயற்பியல் ஆசிரியர் முத்தையன் அவளுடைய பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். யானை வந்தால் அலற வேண்டிய பெட்டி. மண்ணில் புதைத்த கருவி ஒன்று காலடி அதிர்வை உணர்ந்து அதற்குச் சொல்லும்.

போன மழைக்காலத்தில், தேயிலைத் தோட்டத்துப் பனிமூட்டத்தில், அவள் அப்பா யானைக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டார். அவரைப் போர்வையில்தான் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் செய்ய ஆரம்பித்தது இது.

“சுவிட்ச் எதுக்கு?”

“நடுவர் முன்னாடி ஆனை எங்க சார் வரும்?”

“வராதுதான்.”

“சத்தம் வரலைன்னா இயங்கும் மாதிரிப் பிரிவுலேருந்து எடுத்துடுவாங்க. சும்மா பார்வைக்கு வைக்கிற பிரிவுல போட்டுடுவாங்க. அங்கேருந்து யாரையும் மாநிலப் போட்டிக்கு அனுப்ப மாட்டாங்க.”

“போகலைன்னா என்ன?”

“ஜெயிச்சா தோட்டத்து ஆளுங்க இருக்கிற எல்லா லைன் வீட்டு வழியிலயும் இதை வைக்கிறதா எஸ்டேட் மேனேஜர் சொல்லியிருக்காரு சார். அப்புறம் யார் வீட்லயும் எங்க வீடு மாதிரி ஆகாது.”



ஆசிரியர் கம்பி பற்றவைக்கும் சால்டரிங் கருவியைச் சூடாக்கினார். பெட்டியின் அடியில், விரல் மட்டும் எட்டும் இடத்தில், சின்ன சுவிட்ச் ஒன்றைத் தானே வைத்துக் கொடுத்தார். அழுத்தினார். பெட்டி ஆய்வகமே அதிர அலறியது.

ஜெபராணி சிரித்துவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

“யாருக்கும் தெரியாதுல்ல சார்?”

“தெரியாது. அம்மா வேலை முடிஞ்சு எந்த வழியா வருவாங்க?”

“அப்பா வந்த அதே வழிதான் சார். வேற வழி ஏது?”

“இனிமே பயப்பட வேண்டாம்னு சொல்லிடு. பெட்டி சத்தம் போடலைன்னா ஆனை இல்லைன்னு அர்த்தம். பனியா இருந்தாலும் தைரியமா நடந்து வரச் சொல்லு.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பெட்டியை எடுத்துக்கொண்டாள். சரி என்று சொல்லவில்லை.

மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் ஒரே இரைச்சல். நடுவர் அவள் மேஜைக்கு வந்தார்.

“இயக்கிக் காட்டும்மா.”

அவள் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தாள்.

நடுவர் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் ஏதோ ஒரு ரோபோ நடனமாட, கைதட்டல் கேட்டது.

“என்னம்மா, சத்தமே வரலையே? ஆனை வந்தாத்தான் வருமா?”

“போன செவ்வாக்கிழமை எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சு சார்,” என்றாள் ஜெபராணி. “அப்பவும் சத்தம் வரல.”